கடை கட்டுமுன் கணக்கு முடிப்போம்

சைபர் குற்றம், ஆன்லைன் திருட்டு என்ற சொற்களைப் பத்திரிகையில் பார்த்தால் நம் வணிகர்களில் பலர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் கவலை. வாடிப்பட்டியில் பருப்பும் புளியும் நிறுத்துப் போடுகிறவனிடம் எவன் வந்து என்னத்தைத் திருடப் போகிறான்?" என்பது அவர்கள் எண்ணம். இன்னொரு சாரார், விலை உயர்ந்த ஏதோ ஒரு மென்பொருளை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. மளிகைக் கடைக்காரருக்கு முதல் பாதுகாப்பு, நம் அப்பாக்கள் காலத்தில் எல்லாக் கடையிலும் இருந்து, இப்போது நாம் கைவிட்டுவிட்ட ஒரு பழக்கம். இரவு கடை கட்டுமுன் கல்லாவை எண்ணி, சிட்டையோடு ஒத்துப் பார்த்து, அன்றைய கணக்கை அன்றே முடிப்பதுதான் அது.

இது பழைய காலத்து ஆள் பேசும் பேச்சு என்று தோன்றலாம். ஒரு வங்கிக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 1904-ல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு வணிகர்கள் நன்கு அறிந்த வங்கி. 2018 பிப்ரவரியில் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பச் சொல்லி உத்தரவு போகும் ஸ்விஃப்ட் என்ற செய்தித் தடத்தில் 3 போலி உத்தரவுகளை அனுப்பினார்கள். துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். உத்தரவு ஒவ்வொன்றும் போனவுடன் அதற்கான ஒப்புகை வங்கியில் உள்ள பிரிண்டரில் அச்சாகி வர வேண்டும். அது வந்தால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? ஆகவே திருடர்கள் முன்கூட்டியே அந்தப் பிரிண்டரை முடக்கி வைத்திருந்தார்கள்.

மறுநாள், பிப்ரவரி 7-ஆம் தேதி, வழக்கமான முறையில் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் தங்கள் ஏட்டில் இல்லாத 3 உத்தரவுகள் வெளியே போயிருப்பது வங்கிக்குத் தெரிய வந்தது. உடனே சம்பந்தப்பட்ட வெளிநாட்டு வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குப் போகவிருந்த 5 லட்சம் டாலர் வழியிலேயே மடக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அத்தனை பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கொண்ட ஒரு வங்கியிலும் திருட்டைக் காட்டிக் கொடுத்தது தினசரிக் கணக்கு ஒத்துப் பார்க்கும் வேலைதான்.

இப்போது நம் கடைக்கு வருவோம். வங்கியில் பிரிண்டர் செய்த வேலையை நம் கல்லாவில் சவுண்ட் பாக்ஸ் செய்கிறது. "நூற்றி இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொன்னால் நாம் தலையாட்டுகிறோம். காலை நேரக் கூட்டத்தில் அது சொன்னதா இல்லையா என்று கவனிக்க நேரமில்லாதபோது, வாடிக்கையாளர் காட்டும் செல்போனில் பச்சை டிக் தெரிந்தால் அதற்கும் தலையாட்டுகிறோம். மாதக் கடைசியில் ஸ்டேட்மெண்ட் எடுத்து ஆடிட்டரிடம் கொடுப்பதோடு சரி. ரொக்கத்தை மட்டும் இன்றும் எண்ணுகிறோம். ஆனால் பல கடைகளில் பாதி வியாபாரம் ரொக்கமாக நடப்பதில்லை. எண்ணாத அந்தப் பாதியில்தான் திருடன் கை வைக்கிறான்.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் கோயில்களுக்குப் பெயர் பெற்ற கஜுராஹோ ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். இரவோடு இரவாகச் சிலர் கடைத்தெருவில் நடந்து, கடைகளுக்கு வெளியே ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டைகளின் மேல் தங்கள் கியூ.ஆர். தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். சுமார் அரை டஜன் இடங்கள். அதில் ஒரு பெட்ரோல் பங்கும் உண்டு, மருந்துக் கடையும் உண்டு. காலையில் கடை திறந்ததும் வாடிக்கையாளர்கள் வழக்கம் போல ஸ்கேன் செய்து பணம் போட்டார்கள். பணம் வேறு ஆளின் கணக்குக்குப் போனது. ஸ்கேன் செய்தவர்கள், "வேற பேர் காட்டுதே" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒட்டியவர்கள் கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கவனியுங்கள், இதில் கம்ப்யூட்டர் அறிவு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பசை டப்பாவும் 10 தாளும் போதுமானதாக இருந்தது. வாடிப்பட்டி மெயின் ரோட்டிலும் சோழவந்தான், அலங்காநல்லூர் கடைவீதிகளிலும் இரவு ஷட்டரை இறக்கிய பிறகும் வெளித் தூணில் கியூ.ஆர். அட்டை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதற்குச் செலவில்லாத வழி உண்டு. அட்டையைக் கடைக்குள், கல்லா மேசை மேல் வையுங்கள். இரவில் எடுத்து உள்ளே வையுங்கள். காலையில் விளக்கேற்றி ஊதுவத்தி கொளுத்தும்போதே, வீட்டு ஆள் ஒருவர் செல்போனில் இருந்து 1 ரூபாய் போட்டுப் பாருங்கள். திரையில் உங்கள் கடைப் பெயர் வருகிறதா, சவுண்ட் பாக்ஸ் பேசுகிறதா என்று தெரிந்துவிடும். முதல் போணி அந்த 1 ரூபாயாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது போலித் திரை. 2021 மார்ச் மாதம் ஹைதராபாத் போலீசார் 8 பேரைக் கைது செய்தார்கள். பேடிஎம் செயலியைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு போலிச் செயலியை அவர்கள் செல்போனில் வைத்திருந்தார்கள். கடைப் பெயரையும் தொகையையும் அதில் தட்டினால் பணம் போய்ச் சேர்ந்தது போன்ற திரை வரும். கடைக்காரரிடம் அதைக் காட்டிவிட்டுச் சரக்கோடு போய்விடுவார்கள். ஒரு ரூபாய்கூட எந்தக் கணக்கிலிருந்தும் நகர்ந்திருக்காது. வாடிக்கையாளரின் செல்போன் திரை அவருக்கான ரசீதே தவிர நமக்கான வரவு அல்ல. நம் வரவு நம் செல்போனில் அல்லது நம் சவுண்ட் பாக்ஸில்தான் இருக்கிறது. இதைக் கல்லாவில் உட்காரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கூட்ட நேரத்தில் வாடிக்கையாளரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது முதலாளியின் வேலை. பையனைத் திட்டுவதில் பயனில்லை.

மொத்த வியாபாரிகளுக்கும் அவர்களிடம் கொள்முதல் செய்கிறவர்களுக்கும் வரும் ஆபத்து இதைவிடப் பெரியது. மதுரை கீழமாசி வீதியில் சரக்குச் சொல்லிவிட்டுப் பணத்தை ஆன்லைனில் போடுவது இன்று சாதாரணம். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: "அண்ணாச்சி, பழைய பேங்க் கணக்கு ஆடிட்ல இருக்கு, இந்தத் தடவை புதுக் கணக்குக்குப் போட்டு விட்டுருங்க." படம் அதே படம், பெயரும் அதே பெயர், பில்லும் அதே அச்சில் இருக்கிறது. கணக்கு எண் மட்டும் வேறு. நம்பிக்கையின் பேரில் நடக்கும் தொழில் நம்முடையது. அந்த நம்பிக்கையைத்தான் அவன் முதலாகப் போடுகிறான்.

இப்படி மாட்டிக்கொண்டது படிக்காத ஆட்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்டில் சென்னையைச் சேர்ந்த, வேளாண் பொருள் வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு, வழக்கமாகச் சரக்கு அனுப்புகிறவரின் முகவரியைப் போலவே தோன்றும் ஒரு முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் கொடுத்திருந்த அமெரிக்க வங்கிக் கணக்குக்குச் சுமார் 2 கோடி ரூபாய் மதிப்புள்ள டாலரை அனுப்பிவிட்டார்கள். பிறகு சந்தேகம் வந்து உடனே புகார் செய்தார்கள். தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு விரைந்து செயல்பட்டுப் பணத்தை மீட்டுக் கொடுத்தது. சில வாரம் கழித்து, "சரக்கு இன்னும் வரலியே" என்று கேட்டிருந்தால் அந்தப் பணம் எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்கு அல்ல, நம் பழைய டைரியில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு பைசாவும் அனுப்பக் கூடாது. மொத்த வியாபாரிகளும் இதைக் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது. "என்ன அண்ணாச்சி, எங்க மேலேயே சந்தேகமா?" என்று கேட்பவர், நாளை பணம் வராமல் போனால் நஷ்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

தினசரிக் கணக்கை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு முக்கியமான காரணம் நேரம். திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து பத்துக்கு, பிறகு ஏ.டி.எம். வழியாக ரொக்கமாக வெளியே என்று ஓடிக்கொண்டே இருக்கும். 1930 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொன்னால், பணம் எந்த வங்கிக்குப் போயிருக்கிறதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், அங்கே மிச்சமிருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படும். மிச்சமிருந்தால்தான். இந்த ஏற்பாடு 2021-ல் தொடங்கியது. அன்றிரவே கணக்குப் பார்த்தவருக்கு அது உதவும். மாதக் கடைசியில் ஸ்டேட்மெண்ட் பார்ப்பவருக்குப் புகார் எண் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

வங்கி விதியும் நாட்களைத்தான் எண்ணுகிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆளின் மோசடியால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் புகார் கொடுத்தால், நஷ்டம் அவருக்கு இல்லை என்று அது வகுத்தது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் கொடுத்தால் ஒரு வரம்புக்கு உட்பட்ட நஷ்டம். சிறு குறு நிறுவனங்களின் நடப்புக் கணக்கு, ஓ.டி. கணக்குகளுக்கு அந்த வரம்பு 10,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. 7 நாள் தாண்டினால் வங்கியின் கொள்கைப்படி. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இதே போன்ற விதி வந்தது. உங்கள் கிளையில் இன்று நடைமுறையில் உள்ள விதி என்ன என்று எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதில் ஒரு கொக்கி உண்டு. ஓ.டி.பி.யையோ ரகசிய எண்ணையோ நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கியில் புகார் கொடுக்கும் நேரம் வரை போன பணம் நம் நஷ்டம்தான். புகார் கொடுத்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அப்போதும் நேரம்தான் காசு.

யு.பி.ஐ. ரகசிய எண் பற்றி ஒரு வரி. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்கு மட்டுமே தேவை. "பெரிய ஆர்டர் போடுறோம், அட்வான்ஸ் அனுப்பியிருக்கோம், நம்பரைப் போட்டு வாங்கிக்குங்க" என்று ராணுவ முகாம் பெயரையோ கல்லூரி விடுதி பெயரையோ சொல்லி வரும் போன் எல்லாம் இந்த ஒரு வரி தெரியாதவர்களை நம்பித்தான் வருகிறது. தனி நபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் இத்தகைய பணக் கோரிக்கை முறையை 2025 அக்டோபர் 1 முதல் தேசிய கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. அதனால் ஒரு கதவு அடைபட்டது. கியூ.ஆர். படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று சொல்லும் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

இனி சாவி விஷயம். கடைப் பூட்டின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எந்த வணிகரும் உடனே பதில் சொல்வார். வங்கிக் கணக்கோடு இணைந்த செல்போன் எண் யார் பெயரில் இருக்கிறது, அந்த சிம் எந்த போனில் இருக்கிறது, அந்த போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் கணக்குப்பிள்ளை பெயரில் வாங்கிய சிம், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஜி.எஸ்.டி. தளத்தின் பாஸ்வேர்டு ஆடிட்டர் அலுவலகத்துப் பெண்ணிடம் இருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் எல்லா வணிகருக்கும் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓ.டி.பி. வரும் எண்ணாக வேறு ஆளின் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்? நம் பெயரில் வேறு எவனாவது பில் போட்டால் நோட்டீஸ் நமக்குத்தான் வரும். ஆடிட்டரை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கடைச் சாவியை அவரிடம் கொடுத்து வைக்கிறோமா என்றுதான் கேட்கிறேன்.

கல்லாவில் கிடக்கும் அதே செல்போனில்தான் பையன் ஓய்வு நேரத்தில் வீடியோ பார்க்கிறான், பேரன் விளையாடுகிறான். அதே போனுக்குத்தான் "உங்கள் வண்டிக்கு அபராதம்", "திருமண அழைப்பிதழ்" என்று ஏ.பி.கே. என்று முடியும் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அழைப்பிதழ் என்று நினைத்துத் தொட்டு, கேட்கும் அனுமதிக்கெல்லாம் சரி என்று தட்டினால், அந்த போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் எங்கோ உட்கார்ந்திருப்பவனுக்கும் போய்ச் சேரும். தெரிந்தவர் எண்ணில் இருந்தே வருவதால் சந்தேகம் வருவதில்லை. அவர் போனும் ஏற்கெனவே மாட்டியிருக்கும். எனவே வங்கி எண்ணுக்கென்று ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கி, முதலாளி பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பெரிய கடைகளுக்கு விற்கும் எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும்விட அது மலிவு. வங்கி எஸ்.எம்.எஸ். வந்தால் படித்துப் பார்க்கவும் வசதி.

பில் போடும் கம்ப்யூட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று கேட்டது. திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதில் மாட்டின. புதுப்பிக்கப்படாத விண்டோஸ்தான் அதற்கு வழிவிட்டது. நம் கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு பொதுவாக நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. போதாக்குறைக்கு, டாலி மென்பொருளை உரிமம் இல்லாமல் யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்திருப்பார். பூட்டை உடைத்த மென்பொருளை உருவாக்குகிறவன் தர்மத்துக்குச் செய்வதில்லை. அதற்குள் வேறு என்ன வைத்திருக்கிறான் என்று நமக்கு எப்படித் தெரியும்?

அந்தக் காலத்தில் சிட்டை தனி, பேரேடு தனி. ஒன்று கரையான் அரித்தாலும் இன்னொன்றை வைத்துக் கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம். இன்று பாக்கிக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு பெட்டிக்குள். அது பூட்டிக்கொண்டால், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே போய்விடும். கடன் வியாபாரம் செய்கிற மளிகைக் கடைக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் டாலி பேக்கப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கழற்றாமல் செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். இரண்டு பென் டிரைவை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. பாக்கிப் பட்டியலை மட்டுமாவது மாதம் ஒரு முறை தாளில் அச்செடுத்து வைக்கலாம்.

இதுவரை சொன்னவையெல்லாம் நாம் கவனமாக இருந்தால் தடுக்கக் கூடியவை. நாம் எந்தத் தவறும் செய்யாமலே வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. சிறு வணிகரைக் கவிழ்க்கக் கூடியது அதுதான் என்று நான் கருதுகிறேன்.

எவனோ ஒருவன் வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பணம் பறிக்கிறான். அந்தப் பணத்திலிருந்து 900 ரூபாய்க்கு நம் கடையில் எண்ணெயும் சர்க்கரையும் வாங்கி கியூ.ஆர். மூலம் பணம் போடுகிறான். அந்த ஊர் போலீசார் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, நம் கணக்கையும் முடக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுகிறார்கள். மறுநாள் காலை மொத்த வியாபாரிக்குப் பணம் போட முயன்றால் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. வங்கியில் கேட்டால், "சைபர் கிரைம் கேஸ், அங்கேயே பேசிக்குங்க" என்பார்கள். அங்கே என்றால் எங்கே? தெலுங்கானாவா, குஜராத்தா? தீபாவளிக்கு முந்தின வாரம் இப்படி நடந்தால், போட்ட செக் திரும்பும், சரக்கு வராது, பெயர் கெடும்.

இது கற்பனை அல்ல. 2023-ல் கேரளத்தில் ஏராளமானோரின் கணக்குகள் இப்படி முடக்கப்பட்டு, அம்மாநில உயர் நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், மனுதாரரின் கணக்கு தெலுங்கானா போலீசாரின் சைபர் பிரிவு கேட்டுக்கொண்டதன் பேரில் ஓராண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. சந்தேகத்துக்குரிய தொகை சுமார் 2.5 லட்சம் ரூபாய்தான். நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன், தொகையையும் காலத்தையும் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது ஒருவரின் தொழில் செய்யும் உரிமையையும் வாழ்வாதாரத்தையும் பாதிக்கும் என்று கூறி, 2.5 லட்சத்தை மட்டும் இருப்பில் வைத்துக்கொண்டு கணக்கை இயக்க அனுமதித்தார். வணிகர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 900 ரூபாய்க்காக உயர் நீதிமன்றம் வரை போக நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஆகவே என் யோசனை, கல்லாக் கணக்கு வேறு, முதல் கணக்கு வேறு என்று பிரிப்பது. கியூ.ஆர். அட்டையோடு இணைந்த கணக்கு, வருகிற சில்லறையை வாங்கிக்கொள்ள மட்டும். அன்றிரவு கணக்கு ஒத்துப் பார்த்து முடித்ததும், சிறு தொகையை வைத்துவிட்டு மீதியை வேறு வங்கியில் உள்ள நடப்புக் கணக்குக்கோ ஓ.டி. கணக்குக்கோ மாற்றிவிட வேண்டும். கொள்முதல், செக், சம்பளம் எல்லாம் அதிலிருந்து. கல்லாக் கணக்கு ஒரு நாள் முடங்கினாலும், திருடன் கை வைத்தாலும், போவது ஒரு நாள் வியாபாரம். கடை நிற்காது. இரவில் கல்லாவில் சில்லறையை மட்டும் விட்டுவிட்டு மீதியை வீட்டுக்கு எடுத்துப் போகிறோமே, அதே கதைதான். தடம் பிடித்து வரும் போலீசார் இரண்டாவது கணக்கையும் தொட வாய்ப்புண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அப்படி வந்தால், அன்றைய தேதி, நேரம், பில் எண், என்ன சரக்கு என்று காட்டத் தினசரிக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பில் போடாமல் விற்றவருக்கு அங்கே வாய் அடைத்துப் போகும்.

வேறு வங்கி என்று நான் சொல்வதற்கு மற்றொரு காரணமும் இருக்கிறது. 2024 ஜூலை 31 அன்று, கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் சைபர் தாக்குதலுக்கு ஆளானது. தொற்று பரவாமல் இருக்க அதைப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து பிரித்து வைத்தார்கள். நாடு முழுவதும் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு அன்று யு.பி.ஐ.யும் ஏ.டி.எம்.மும் வேலை செய்யவில்லை. மறுநாள் சரியானது. ஒரே வங்கியை நம்பியிருந்த வணிகருக்கு அந்த ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்?

இத்தனை தொல்லைக்குப் பேசாமல் ரொக்கத்துக்கே திரும்பிவிடலாமே என்று சில மூத்த வணிகர்கள் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்து வரி நோட்டீஸ் வந்தபோது, பெங்களூருவில் பல கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்துத் திட்டு வாங்கிய காலத்தை மறந்துவிட்டோமா? கள்ள நோட்டு, கிழிந்த நோட்டு, வங்கிக்குக் கொண்டுபோகும் வழியில் பறிகொடுத்த பை எல்லாம் ரொக்கத்திலும் உண்டு. அட்டையைக் கழற்றினால் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் லாபம்.

ஆனால் தனித்தனிக் கடைக்காரர் செய்ய முடியாத சில காரியங்கள் உள்ளன. அவற்றைச் சங்கம் செய்ய வேண்டும். ஒரு வணிகரின் கணக்கு முடக்கப்பட்டால், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கிக் கிளை அன்றே எழுத்தில் தர வேண்டும் என்று நம் பகுதி வங்கி மேலாளர்களை அழைத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை இயக்க அனுமதிக்க வேண்டும் என்பதை, 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி, சங்கத்தின் தலைப்பிலேயே கடிதமாகக் கொடுக்கலாம். வெளிமாநில போலீசாருக்கு வணிகர் அனுப்ப வேண்டிய விளக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் ஒரு மாதிரிப் படிவமாக வழக்கறிஞரை வைத்துத் தயாரித்து, சங்க அலுவலகத்தில் வைத்திருந்தால், பாதி உறுப்பினர்களுக்குத் தூக்கம் வரும்.

மதுரையில் 1924 முதல் இயங்கி வரும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கமும், வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் இதை மாநில அளவில் எடுத்துச் செல்லலாம். மே 5 வணிகர் தினத்துக்கு ஆண்டுதோறும் தீர்மானங்கள் எழுதுகிறோம். வரி, உரிமம், ஆன்லைன் கம்பெனிகளின் போட்டி என்ற பட்டியலில் கணக்கு முடக்கத்தையும் ஒரு தீர்மானமாகச் சேர்க்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன், அடுத்த மாதாந்தரக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கடை கியூ.ஆர். கணக்கின் பாஸ்புக்கையும், அதில் பதிவான செல்போன் எண் யார் பெயரில் உள்ளது என்ற விவரத்தையும் கொண்டுவர வேண்டும். 1930-க்குப் போன் செய்யும்போது கேட்கும் விவரங்களான பரிமாற்றத்தின் 12 இலக்க எண், தேதி, நேரம், தொகை, வங்கிப் பெயர் ஆகியவற்றைத் தங்கள் செல்போனில் எங்கே பார்ப்பது என்பதை அன்றைக்கு ஒருவருக்கொருவர் காட்டிக் கொடுத்துக்கொள்ளலாம். கல்லாவில் உட்காரும் பையன்களையும் அழைத்து வந்தால் நல்லது.